மேலிடத்துக்கு ஐம்பத்தைந்து வயது

எழுதிப் பிழைக்கிறவனுக்கு எதுவும் வீணாகக் கூடாது. முழங்கால் வலியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று வையுங்கள். முதலில் அது முதியோருக்கான பத்திரிகைக்குப் போகும். கொஞ்ச காலம் கழித்து, 'தாத்தா' வருகிற இடத்தில் எல்லாம் 'ஆசிரியர்' என்று போட்டு, நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துகிறவர்களின் சங்க மலருக்குப் போகும். அப்புறம் தைலம் விற்கிற ஒரு கம்பெனியின் கையேட்டில் என் பெயர் இல்லாமல் வரும். கடைசியாக, காலையில் ஓடுகிறவர்களின் மன்றம் ஒன்று 'ஓடும் முன் யோசியுங்கள்' என்ற தலைப்பில் அதையே வாங்கிக்கொள்ளும். முழங்கால் அதே முழங்கால்தான். அரைத்த மாவையே அரைக்கிறான் என்று என்னைச் சொல்கிறவர்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எழுதியதையே மறுபடி அனுப்புவதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"நேத்து சமைச்சத சூடு பண்ணிப் போட்டா வாய மூடிக்கிட்டு சாப்பிடறீங்கல்ல?" என்றாள். "எழுதினத சூடு பண்ணா மட்டும் எங்க மானம் போகுது?"

அவள் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டுகிற பிரிவில் வேலை பார்த்தாள். எந்தப் பொருளையும் சுருக்கம் இல்லாமல் மடித்து, முடிச்சு தெரியாமல் கட்டுகிற கை அது. அச்சில் வந்த என் பக்கங்களை எல்லாம் வெட்டி எடுத்து, மழை, வெயில், பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, கடையில் மிஞ்சுகிற நாடாவால் கட்டிவைத்தாள். பச்சை நாடா என்றால் தாராளமாக மறுபடி அனுப்பலாம். சிவப்பு நாடா என்றால் படித்தவர்களுக்கு நினைவு இருக்கும், கை வைக்கக் கூடாது. எதற்கு எந்த நாடா என்று முடிவு செய்வது அவள்தான். நான் போய் விளக்கம் கேட்டால், "உங்களுக்கு நீங்க எழுதினது எல்லாமே அருமையா தெரியும். நகருங்க" என்பாள்.

வாராவாரம் ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'மேலிடத்து உத்தரவு' என்று ஒரு சிரிப்புப் பகுதி வருகிறது. நீங்களும் பார்த்திருக்கலாம். மேலிடம் என்றால் வீட்டம்மா. இடுப்பில் கை வைத்து நிற்கும் ஓர் அம்மாளும், எதிரில் பரட்டைத் தலையும் சரிந்த கண்ணாடியுமாக நெளிகிற ஓர் ஆளும் படத்தில் இருப்பார்கள். அந்த நெளிகிற ஆள் நான். என் முழங்கால் கட்டுரைகளை யார் படித்தார்களோ தெரியாது, மேலிடத்தைப் படிக்காதவர்கள் இல்லை. பெரிய பெரிய விஷயங்களை எழுதவேண்டும் என்று வந்தவன் நான். கடைசியில் எனக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது என் பெண்டாட்டியின் வாய்தான்.

அந்தப் பக்கத்தில் என் கற்பனை என்று ஒரு வரி கிடையாது. அவள் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவாள். நான் எதுவும் காதில் விழாதவன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் வேலைக்குக் கிளம்பியதும் மறப்பதற்குள் எழுதிவிடுவேன். மாலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படிப்பாள். எங்காவது நான் சொந்தச் சரக்கைச் சேர்த்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

"இது நான் சொன்னதில்ல. எடுங்க."

"நல்லா சிரிப்பா இருக்கே?"

"இருக்கட்டும். நான் சொன்னதே உங்களுக்கு ஆயுசுக்கும் போதும். சொல்லாததெல்லாம் எதுக்கு?"

அவள் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஐம்பத்து மூன்று வயது. வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அந்த வாரம் பக்கத்துக்கு எழுதக் கை ஓடவில்லை. பச்சை நாடாவில் இருந்து, எப்போதோ வேறு பத்திரிகையில் வந்த ஒன்றை உருவி அனுப்பினேன். அடுத்த வாரமும் அப்படியே. ஆசிரியர் இருப்பது வேறு ஊர். எங்களுக்குள் எல்லாம் போனும் மின்னஞ்சலும்தான். அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் மாதம் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது மாதம் 'ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை' என்று கேட்பாரே என்று சொல்லவில்லை. அப்புறம் எனக்கே அது பழகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு பழைய பக்கத்தை எடுத்து, தொலைபேசி என்று இருப்பதைக் கைப்பேசி ஆக்கி, கேசட்டைத் தூக்கிவிட்டு, பஸ் டிக்கெட் விலையை ஏற்றி அனுப்புவேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் அவள் பேசுவாள்.

வீட்டைக் காலி செய்துவிட்டு வேறொரு தெருவில், மாடியில், ஒற்றை அறைக்கு மாறினேன். அடுப்பு ஒரு மூலை, கட்டில் ஒரு மூலை, கட்டிலுக்கு அடியில் நாடாக் கட்டுகள். இந்தத் தெருவில் என்னை யாருக்கும் முன்பின் தெரியாது. கீழே சலூன் வைத்திருப்பவருக்கு மட்டும் நான்தான் அந்தப் பரட்டைத் தலை என்று எப்படியோ தெரிந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்து, "மேலிடம் சவுக்கியமா சார்?" என்பார். "சவுக்கியம்" என்பேன். "கண்ணுலயே படமாட்டேங்கறாங்களே?" என்பார். "வேலைக்குப் போறா" என்பேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆனால் பச்சை நாடாக் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன. வெறும் நாடாக்கள் ஆணியில் தொங்கின. புதிதாக எழுத உட்கார்ந்து பார்த்தேன். காலியாகிவிட்ட தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்து அவள் என்ன சொல்வாள்? இந்த அறையைப் பார்த்து என்ன சொல்வாள்? ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவள் வாயில் இருந்து ஒரு புது வார்த்தையை எடுக்கத் தெரியவில்லை. நான் எழுத்தாளனே இல்லை, அவள் சொன்னதை இறக்கிவைத்த கூலி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் பிறந்தநாள் பக்கம் கையில் கிடைத்தது. அவளுக்கு நாற்பது ஆனபோது எழுதியது. எங்கோ அட்ரஸ் இல்லாமல் போய்விட்ட ஒரு பத்திரிகையில் வந்தது. "எனக்கு நாப்பது ஆச்சு. இனிமே நீங்க நான் சொல்றத கேட்டா மட்டும் போதாது, பயப்படணும்" என்று அவள் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொலைபேசியை மாற்றினேன். கேக்கின் விலையை ஏற்றினேன். நாற்பதை மாற்றினேன். பழசைப் புதுசாக்கும்போது வயதைக் கூட்டுவது என்பது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற காரியம். ஐம்பத்தைந்து என்று போட்டேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்திரிகை வந்த மறுநாள் காலையிலேயே என் கொழுந்தியாள் வந்துவிட்டாள். என் மனைவிக்கு ஒரே தங்கை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. எப்போதும் போன் செய்துவிட்டு வருகிறவள் அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்து பத்திரிகையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"மாமா, அக்காவுக்கு எத்தன வயசு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தைப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது.

"கை தவறிடுச்சும்மா. பழசு. வயச மாத்தற பழக்கத்துல..."

"பழசுன்னு எனக்குத் தெரியாதா? நாப்பதுன்னு அவ சொன்னப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்? கேக் வாங்கிட்டு வந்ததே நான்தான்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படிக்கறேன் மாமா. ஒரு நாள் உங்கள ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? ஊர ஏமாத்தறீங்கன்னு சொல்லியிருப்பேனா? ஏன் கேக்கல? அதெல்லாம் அவ பேசினது. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு. ஆனா இது அவ பேசினதில்ல. அவளுக்கு அம்பத்தஞ்சு ஆகல. ஆகவே ஆகாது."

நான் டீ போடுகிற சாக்கில் எழுந்தேன். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லில் அக்காள் அப்படியே இருந்தாள்.

"ஒரே ஒரு வாரம் மாமா. அவ போயிட்டான்னு எழுதுங்க. இத்தன வருஷம் அவள வெச்சு எல்லாரும் சிரிச்சாங்கல்ல? ஒரு நாள் அவளுக்காக ரெண்டு நிமிஷம் வருத்தப்படட்டும். அவ்வளவுதான் நான் கேக்கறது. அவ பேருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"எழுதறேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"எழுதறேம்மா. சத்தியமா."

பத்திரிகையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். குரலில் ஏக குஷி. "சார், மேலிடத்துக்கு வாழ்த்து குவியுது! ஒரு வாசகி கையாலேயே பை தைச்சு அனுப்பியிருக்காங்க. நாங்க ஒரு ஐடியா பண்ணியிருக்கோம். மேலிடம் பிறந்தநாள் சிறப்பிதழ். அட்டைல நீங்களும் அம்மாவும் ஜோடியா. எப்ப கேமராமேன அனுப்பட்டும்?"

நானே நேரில் வருகிறேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ரொம்ப நாள் கழித்து, எதையும் சூடு பண்ணாமல், முழுக்கப் புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். பூசி மெழுகவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நடந்ததை அப்படியே எழுதினேன். சன்னல் ஓரக் கட்டில். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லி அவள் கேட்பாளா?

"இந்த வாரத்துக்கு அனுப்பிட்டீங்களா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"இங்க உக்காந்துக்கிட்டு என்னத்த எழுதுவீங்க? பழச அனுப்புங்க. பச்ச நாடா. பரீட்ச கட்டுல மேலேர்ந்து ரெண்டாவது." கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள். "பாத்து மாத்துங்க. பாதிய மாத்தி பாதிய விட்டுடுவீங்க."

அதற்கு அப்புறமும் பேசினாள்தான், தண்ணீர் வேண்டும், விளக்கை அணையுங்கள் என்று. ஆனால் மேலிடத்தின் கடைசி உத்தரவு அதுதான். அவள் போன பிறகு நான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தது அந்த உத்தரவைத்தான். இதை எழுதும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், மேசையில் தலையை வைத்து அழுதேன். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தபோது, அவள் நின்றபடியே படித்து ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லமாட்டாள் என்று தோன்றியது. நான் எழுதியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஆசிரியர் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். கண்ணாடி போட்ட மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. முடித்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப சார்?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"அப்ப போன மாசம் வந்த குடை விஷயம்?"

"பழசு."

"கல்யாண நாளன்னிக்கு பூட்டின வீட்டுக்கு வெளிய நின்னீங்களே?"

"அதுவும் பழசுதான்."

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வாரத்தின் கடைசிப் பக்கம் இருந்தது. அதன் கால்வாசியை ஒரு குக்கர் விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்தது. 'மேலிடத்தின் சிபாரிசு' என்று அதற்கு மேல் எழுதியிருந்தார்கள். இது எப்போதில் இருந்து என்று நான் கவனித்ததே இல்லை.

"இத போட முடியாது சார்" என்றார்.

நான் அந்தக் குக்கர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இல்லைன்னு சொல்லல. எனக்கே தொண்டை அடைச்சுக்கிச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. இது வந்தா வாசகர் என்ன நினைப்பாங்க? ரெண்டு வருஷமா செத்துப்போனவங்களப் பாத்து சிரிச்சிருக்கோமேன்னு நினைப்பாங்க. உங்க மேல கோபமே வராது. எங்கள பிச்சு எடுத்துடுவாங்க."

"அப்ப பக்கத்த நிறுத்திடுங்க."

"எப்படி சார் நிறுத்தறது? நம்ம வாசகர்ல பாதிப் பேர் பின்னாலேர்ந்துதான் படிக்கவே ஆரம்பிக்கறாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க ஓய்வு எடுத்துக்குங்க. நியாயமா இத்தன நாள் நாங்களே குடுத்திருக்கணும். பக்கம் பாட்டுக்கு ஓடட்டும். நம்ம துணையாசிரியர் பாத்துக்குவார். தலைப்பு, படம் எல்லாம் பத்திரிகையோடதுன்னு ஆரம்பத்துலயே நீங்க கையெழுத்து போட்டதுதான. வந்ததையெல்லாம் வருஷ வாரியா பைண்டு பண்ணி வெச்சிருக்கோம். அத வெச்சே அம்மாவோட பேச்சு தானா வந்துடும்."

"அவ எம் பொண்டாட்டிங்க" என்றேன். இதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியும் சார். இல்லைன்னு யார் சொன்னா? ஆனா மேலிடம்..." என்று இழுத்துவிட்டு, அவர் மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசு இல்லை.

கோபம் வந்தது. ஆனால் வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? எழுதியது எதுவும் வீணாகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவன் நான். என் தொழிலையே என் கண் முன்னால் செய்துகாட்டினார்கள். நான் எழுதிய பக்கத்தைத் திருப்பி நீட்டினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

படி இறங்கும்போது துணையாசிரியர் பின்னாலேயே ஓடி வந்தார். என் வயதுதான். குறுக்கெழுத்துப் போட்டி அவருடையது. கடிதம் வராத வாரத்தில் வாசகர் கடிதங்களும் அவருடையதுதான் என்று சொல்வார்கள். மூச்சு வாங்க நின்று, முதலில் துக்கம் விசாரித்தார். அப்புறம் தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரே ஒரு சந்தேகம். அம்மா உங்கள சில இடத்துல 'ஏங்க'ன்னு கூப்பிடறாங்க, சில இடத்துல 'இந்தாங்க'ங்கறாங்க. எப்ப எது?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த ஆள் தப்பாக எழுதிவிடுவானே, அவள் பேசாத மாதிரி பேசவிடுவானே என்ற பயம் முந்திக்கொண்டது.

"சாதாரணமா 'ஏங்க'. கோபம் வந்துட்டா 'இந்தாங்க'."

"ரொம்ப கோபம் வந்தா?"

"பேச மாட்டா."

"அத எழுத முடியாதே சார்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பக்கத்தை இன்னும் இரண்டு மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒருவர், இது அந்தப் பத்திரிகையின் மேலிடம் ஆயிற்றே, வம்பு எதற்கு என்றார். இன்னொருவர், சோகத்தைக் குறைத்துக் கடைசியில் ஒரு நம்பிக்கை வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். மூன்றாமவரிடம் இருந்து பதிலே இல்லை. சிவப்புக் கட்டு ஒன்றின் நாடாவை அவிழ்த்து அந்த ஒற்றைத் தாளைக் கட்டினேன். என் முடிச்சு அவள் முடிச்சு மாதிரி வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரத்தில் இருந்து தைலக் கம்பெனிக்காகத் தோள்பட்டை வலி எழுதவேண்டும், முழங்காலையே கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும். உட்கார்ந்தேன், ஒரு வரி ஓடவில்லை.

கொழுந்தியாளிடம் எதுவும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக் கடைக்குப் போனேன். காசு கொடுக்காமலே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நான் வாடிக்கை என்பதால் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதே படம், அதே தலைப்பு. கீழே என் பெயர் இல்லை, அது யார் கண்ணிலும் படப்போவதும் இல்லை. நின்றபடியே படித்தேன்.

"இந்தாங்க, உங்க தலைய ஒரு தடவ கண்ணாடில பாத்துட்டு வாங்க. அதப் பாத்து ஏதாவது காக்கா கூடு கட்ட வந்துடப்போகுது. வந்தா அட்வான்ஸ் வாங்காம விட்டுடாதீங்க" என்று ஆரம்பித்தது. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைக்காதா என்று வரிவரியாகத் தேடினேன். இது அவள் சொல்லமாட்டாள், இதை எடுங்கள் என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. கிடைக்கவில்லை. 'இந்தாங்க' சரியாக இருந்தது. காக்காயை அவள் சொன்னதே இல்லை, ஆனால் சொல்லியிருப்பாள். அப்படியேதான் சொல்லியிருப்பாள். இத்தனை வருடம் கூடவே இருந்த எனக்கு வராதது, அவளைப் பார்த்தே இராத ஒரு குறுக்கெழுத்துக்காரருக்கு வந்துவிட்டது. என்னிடம் இருந்ததை எல்லாம் வெட்டி எடுத்துப் பத்திரமாகக் கட்டி, நானேதான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பாதி வழியில் போன் அடித்தது. கொழுந்தியாள்.

"படிச்சேன் மாமா."

"அது நான் எழுதினதில்லம்மா. நான் வேற எழுதிக் குடுத்தேன். அவங்க அத..."

"தெரியும். அக்கா சொல்லாதத நீங்க எழுத மாட்டீங்க." அவள் வேலை செய்யும் இடத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "நான் உங்களத் திட்டறதுக்குப் போன் பண்ணல."

"திட்டும்மா. பரவாயில்ல."

"சிரிச்சுட்டேன் மாமா."

நான் தெரு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"அந்தக் காக்கா வந்த எடத்துல என்னையும் அறியாம சிரிச்சுட்டேன். பஸ்ல. அக்கா பேசற மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் இது யாரு பேசறதுன்னு தோணுச்சு." குரல் உடைந்தது. "இனிமே நான் இத வாங்கல. நீங்களும் வாங்காதீங்க."

"சரிம்மா."

"வேலை இருக்கு. வெக்கறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு செருப்புக் கடையின் கண்ணாடி. அதில் என் தலை தெரிந்தது. காதை மூடி, கழுத்தில் இறங்கி, பின்னால் எழும்பி நின்றது. கடைசியாக எப்போது வெட்டினேன் என்று நினைவில்லை. அதையெல்லாம் பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். சொன்ன அன்றைக்கே போகாவிட்டால் சாப்பாடு வராது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கால் பாட்டுக்கு நடந்தது. மாடிப்படி ஏறவில்லை, சலூனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சலூன்காரர் அப்போதுதான் பத்திரிகையை மூடிவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வாங்க சார், வாங்க! மேலிடம் உத்தரவு போட்டாங்க, சார் ஓடி வந்துட்டாரு!" என்று துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். "நானும் எத்தன மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். நான் சொன்னா கேப்பீங்களா? அவங்க ஒரு வார்த்த சொன்னதும் வந்து உக்காந்துட்டீங்க பாருங்க."

"ஆமா" என்றேன். "சொல்லிட்டா. அப்புறம் என்ன பண்றது?"

"அப்படித்தான் சார் இருக்கணும். குடுத்துவெச்சவரு நீங்க."

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வெட்டினார். மடியில் கொத்துக்கொத்தாக விழுந்ததில் கறுப்பைவிட வெள்ளைதான் அதிகம். எப்போது இவ்வளவு நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே மேசையில் அந்தக் கடைசிப் பக்கம் தெரிகிற மாதிரி பத்திரிகை கிடந்தது. அந்தப் படத்தில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், நான் கறுத்த தலையோடு அவள் முன்னால் நெளிந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் என்னைத் திட்டுவாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் திட்டுவாள். அதற்கு நான் தேவையில்லை.

முடித்ததும் அவர் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். "இப்ப மேலிடத்துக்குத் திருப்தியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

"கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

கதவைத் திறந்தேன். முடி வெட்டிக்கொண்டு வந்திருப்பதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை.